பட்டறைப் பதில்கள்: காருக்குள் மழை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஈரக் கடிதங்கள். மைலேஜ், பேட்டரி, டயர் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மழை ஓயட்டும், உங்களிடம் வருகிறேன்.

கேள்வி: மழை பெய்தால் ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையில் கால் வைக்கும் இடம் நனைந்துவிடுகிறது. கதவு பீடிங் (கதவு ஓரத்து ரப்பர் பட்டை) போய்விட்டது என்றார்கள், புதிது போட்டோம். நிற்கவில்லை. அது அசல் இல்லை என்றார்கள். கம்பெனி பீடிங் வாங்கிப் போட்டோம். அப்போதும் நிற்கவில்லை. கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தால் பீடிங்கின் உட்பக்கம் காய்ந்தே இருக்கிறது. மழைக்காலத்துக்குச் சற்று முன்புதான் அந்தக் கதவின் கண்ணாடி மோட்டாரை மாற்றினோம். அது நன்றாக வேலை செய்கிறது.
— ஒரு பள்ளி ஆசிரியை

பதில்: கடைசி இரண்டு வரிகளை முதலில் எழுதியிருந்தால் இரண்டு பீடிங் காசு மிச்சமாகியிருக்கும், அம்மா. உங்கள் மேல் தவறில்லை. பீடிங்கை மாற்றச் சொன்னவர், அதற்கு முன் அந்தக் கதவில் யார் கை வைத்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

கதவுக்குள் தண்ணீர் போவது கோளாறு அல்ல. கண்ணாடி ஏறி இறங்கும் பிளவின் வெளி ஓரத்தில் உள்ள ரப்பர் பட்டை கண்ணாடியை வழிக்குமே தவிர, மழையை முழுதாகத் தடுக்காது. கண்ணாடியோடு வழியும் நீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடி ஓரத்துச் சிறு துளைகள் வழியே தெருவுக்குப் போய்விடும். எல்லாக் காரிலும் ஏற்பாடு இதுதான். அந்த நீர் உட்பக்கம் திரும்பாமல் இருக்க, கைப்பிடியும் ஸ்பீக்கரும் பொருத்தியிருக்கும் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருப்பார்கள். சில கார்களில் அது மெல்லிய ஃபோம் தாளாக இருக்கும். கண்ணாடி மோட்டாரைத் தொட வேண்டுமானால் அதை உரித்தே ஆக வேண்டும். அவசரக்காரர்கள் பிளேடால் கிழித்துவிட்டு, வேலை முடிந்ததும் செல்லோ டேப் ஒட்டிப் பலகையை மாட்டிவிடுவார்கள். டேப் முதல் மழையில் கழன்றுவிடும்.

உள்பலகையைக் கழற்றச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தாளின் ஓரம் முழுவதும் கறுப்பாக, விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுபடும் ஒரு பசை ஓட வேண்டும். அதன் பெயர் பியூட்டைல். நல்ல பசை காய்வதே இல்லை. தூசி படியாதிருந்தால் லேசாகச் சூடு காட்டி அழுத்தினாலே மறுபடி பிடித்துக்கொள்ளும். தூசி படிந்திருந்தால் வழித்தெடுத்துவிட்டுப் புது பியூட்டைல் நாடா போட வேண்டும். தாள் கிழிந்திருந்தால் புதுத் தாள்தான். இன்னொரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். சில கார்களில் தாளின் கீழ் ஓரத்தைக் கதவுத் தகரத்தின் பிளவுக்குள் நுழைத்துவிட்டிருப்பார்கள். தாளில் வழியும் நீர் கதவின் வயிற்றுக்குள்ளேயே சொட்டுவதற்காக அப்படி. அதை வெளியே எடுத்துவிட்டு மேலாக ஒட்டினால், தாள் முழுசாக இருந்தும் தண்ணீர் உங்கள் காலடிக்கு வரும்.

பக்கவாட்டு மோதலைக் காற்றழுத்தத்தால் உணரும் கருவியைக் கதவுக்குள் வைத்திருக்கும் கார்களும் உண்டு. அவற்றில் இந்தத் தாளின் பிடிப்பு மழைக்கு மட்டுமான விஷயம் அல்ல.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். கதவைச் சாத்தி, உள்பலகையின் கீழ் ஓரத்துக்கு அடியில் செய்தித்தாளை மடித்து வையுங்கள். வெளியே ஒருவர் கண்ணாடி மேல் மட்டும் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். பீடிங் காய்ந்தும் செய்தித்தாள் நனைந்தும் இருந்தால் வேறு விசாரணை வேண்டாம். அப்படியே கதவின் அடித் துளைகளையும் மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், பெயின்ட் போய் அங்கேயே துரு ஏறும். கதவைச் சாத்தும்போது உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டால் அந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள்.

கேள்வி: சன்ரூஃப் வைத்த கார். மழையில் நிற்கும்போது ஒன்றும் இல்லை. கிளம்பி முதல் பிரேக் அடித்தால், கண்ணாடிக்கு மேலே உள்ள விளக்கிலிருந்து தண்ணீர் மடியில் கொட்டுகிறது. சன்ரூஃபைச் சுற்றிச் சிலிக்கான் போட்டு நிரந்தரமாக மூடிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த விளக்குக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதைத்தான் உங்கள் பிரேக் சொல்கிறது.

சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், கொட்டும் மழையில் பெரும்பகுதியைத் தள்ளிவிடும். மிச்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். இறங்குவதை ஏந்திக்கொள்ளக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் கிளம்பும். பெரும்பாலான கார்களில் நான்கு. முன்னால் இரண்டு, முன் கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கிக் கதவுக் கீல் பக்கமோ மட்கார்டின் உட்பக்கமோ வெளியேறும். பின்னால் இரண்டு, பின் தூண்கள் வழியாகச் சக்கர வளைவுக்கோ பம்பருக்குப் பின்புறமோ போகும். இதில் ஒன்று அடைத்தால் தட்டு நிரம்பும். வண்டி குனியும்போது வழியும்.

கண்ணாடியைத் திறந்து வைத்து, தட்டின் ஒரு முன் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது நல்ல குழாய். வராமல் அங்கேயே குளமாக நின்றால் அடைப்பு. தட்டு மளமளவென்று வடிந்துவிடுகிறது, வெளியே மட்டும் ஒரு சொட்டும் இல்லை என்றால் நிலைமை வேறு. குழாய் எங்கோ கழன்று தண்ணீர் தூணுக்குள்ளேயே கொட்டுகிறது. உடனே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். கூரைத் துணியை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

அடைப்பு எடுக்கப் புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் நரம்பு நல்லது. முனையை நெருப்பில் காட்டி மழுக்கிக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பவர்களை வண்டிப் பக்கமே விடாதீர்கள். அடைப்பு போகிறதோ இல்லையோ, குழாய் அதன் மூக்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சில கார்களில் குழாயின் வெளி முனையில் ஒரு ரப்பர் வாய் இருக்கும். அது சேற்றில் ஒட்டிக்கொண்டால் மேலிருந்து எவ்வளவு குத்தினாலும் பயனில்லை. கீழிருந்து இரண்டு விரலால் பிதுக்கினால் பொத்தென்று வடியும்.

சிலிக்கான் போட்டு மூடினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெயிலில் தகரம் விரியும், கண்ணாடி வேறு அளவில் விரியும், பூச்சு ஓரிடத்தில் பிளக்கும். தண்ணீர் மறுபடி இறங்கும், குழாய் அப்போதும் அடைத்தே இருக்கும். இனி சன்ரூஃபைத் திறக்கவும் முடியாது.

கேள்வி: எங்கள் பகுதியில் மழையே இல்லை. ஆனாலும் முன் கார்பெட் நனைகிறது. யாராவது தண்ணீர் பாட்டிலைக் கொட்டுகிறார்களோ என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: பிள்ளைகளை விடுங்கள். வெள்ளை டிஷ்யூ தாளைக் கார்பெட்டில் அழுத்தி எடுங்கள். நிறமில்லாமல், வாசனையில்லாமல் இருந்தால் அது ஏ.சி. தண்ணீர். டாஷ்போர்டுக்குள் உள்ள குளிர்கலத்தில் படியும் ஈரம் ஒரு ரப்பர் குழாய் வழியே வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். புழுக்கமான நாளில் ஏ.சி. போட்டு நிறுத்திய காருக்கு அடியில் ஈரம் இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. சின்ன வேலை.

தாளில் பச்சையோ சிவப்போ நிறம் ஏறி, தொட்டால் வழுக்கி, இனிப்பான வாசனை வந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். ஹீட்டர் கலம் ஒழுகுகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்குவதும் அதன் அடையாளம். கூலன்ட் விஷம், வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் வண்டிக்குள் விடாதீர்கள். எஞ்சின் சூடேறுவதற்குள் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஸ்டெப்னியை எடுக்கப் போனால் குழியில் மீன் வளர்க்கலாம் போலிருக்கிறது. டிக்கி பீடிங் நன்றாக இருக்கிறது. மூன்று பட்டறைகள், மூன்று காரணங்கள். நானே கண்டுபிடிக்க வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஒருவர்

பதில்: உண்டு ஐயா. உங்களிடம் இருப்பதும் பட்டறைக்காரர்களிடம் இல்லாததும் நேரம்தான். இந்த வேலைக்கு வேண்டியதும் அதுவே.

முதல் நிபந்தனை, எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். விரிப்பு, பக்கப் பலகைகள், ஸ்டெப்னி எல்லாவற்றையும் எடுத்து, வெறும் தகரம் தெரிய வேண்டும். துணியால் துடைத்து ஒரு வெயில் காட்டுங்கள். பிறகு தகரத்தின் இணைப்புகள் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் ஓடிய தடம் அதில் கோடு விழும். கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் அதன் வாய் தெரியும். நனைந்த இடமும் நுழைந்த இடமும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூரையில் புகுந்த நீர் தூணுக்குள் இறங்கி, வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு போய், வண்டியின் மறு கோடியில் சொட்டும்.

பின் இருக்கையை மடக்கி, டார்ச்சோடு ஒருவர் உள்ளே போகட்டும். வெளியே வர வழி இருக்க வேண்டும். குழந்தைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். வெளியே இருப்பவர், மூக்கு எதுவும் மாட்டாத சாதாரணக் குழாயால் மெல்லிய ஓட்டத்தில் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் அடித்தால் நல்ல ரப்பரும் ஒழுகும். அது மழைக்குச் சாட்சி ஆகாது. தொடங்குவது கீழிருந்து. பம்பர் மட்டம், பிறகு பின்விளக்குகள், பிறகு டிக்கியின் ஓரம், பிறகு பின் கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது இதுதான். கூரையில் அடிப்பார்கள், ஒழுகும், தலையாட்டிவிட்டுக் கைக்கெட்டிய ரப்பரை மாற்றுவார்கள்.

என் சந்தேகப் பட்டியலைக் கேட்டால், முதலில் பின்விளக்கின் பின்புற ஃபோம் வளையம். பல்பு மாற்ற விளக்கைக் கழற்றியவர்கள் அதை மடித்தபடி மாட்டியிருப்பார்கள். ஒழுகுகிறது என்று நட்டை இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். வளையத்தை மாற்றுவதே வழி.

அடுத்தது பலருக்குத் தெரியாத ஒன்று. பின் பம்பருக்கு உட்புறம், பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றுப்போக்கிகள் இருக்கும். கதவை அறைந்து சாத்தும்போது உள்ளே அமுங்கும் காற்று இந்த ரப்பர் இதழ்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். அவற்றின் சட்டத்தைச் சுற்றிய ஃபோம் நைந்து போனால், சக்கரம் வாரி அடிக்கும் நீர் நேராக ஸ்டெப்னிக் குழிக்கு வரும். நிற்கும்போது நனையாமல், மழையில் ஓட்டினால் மட்டும் குழி நிரம்பினால் இதைத்தான் பார்க்க வேண்டும். வண்டி எப்போதாவது பின்னால் இடிபட்டு டின்கரிங் (நெளிந்த தகரத்தை நிமிர்த்தும் வேலை) ஆகியிருந்தால் சந்தேகம் இரட்டிப்பு.

கூரையின் இரு ஓரத்து நீளப் பள்ளங்களில், கறுப்புப் பட்டைக்கு அடியில் தகர இணைப்பின் மேல் ஒரு பூச்சு இருக்கும். அது விரிசல் விட்டால் டிக்கியின் மூலையில் நீர் நிற்கும். ஏரியல் அடிப்பாகம், மூன்றாவது பிரேக் விளக்கு, டிக்கிக் கீல் இவற்றையும் விடாதீர்கள். பின் கண்ணாடிக்கு வைப்பர் உள்ள கார் என்றால், தண்ணீர் பீய்ச்சும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அந்தக் குழாய் கதவுக்குள் கழன்றிருந்தால், மழைக்குச் சம்பந்தமே இல்லாமல் குழி நிரம்பும்.

குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். கீழிருந்து வருவதற்குப் புதிதாக ஒரு வாசல் திறந்த மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: முன் கண்ணாடி மாற்றியபின் டாஷ்போர்டு மூலையில் ஈரம். மாற்றியவர், "மழை அதிகம், அதனால்தான்" என்கிறார்.

பதில்: மழை அதிகமானால் ஒழுகும் கண்ணாடி, ஒட்டாத கண்ணாடி. முன் கண்ணாடியை யூரிதேன் பசையால் ஒட்டுகிறார்கள். அது விபத்தில் கூரையின் உறுதிக்கும், பல கார்களில் பயணிப் பக்க ஏர்பேக் விரியும்போது தாங்குவதற்கும் துணை நிற்கிறது. ஆகவே இது ஈரப் பிரச்சினை மட்டும் அல்ல.

நீங்களே சோதிக்கலாம். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, ஏ.சி. புளோயரை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டுக் கதவுகளைச் சாத்துங்கள். வெளியே கண்ணாடி ஓரம் முழுவதும் சோப்பு நுரைத் தண்ணீரைத் தடவுங்கள். உள்ளழுத்தத்தில் காற்று கசியும் இடத்தில் குமிழி ஊதும். அதைப் படம் எடுத்துக் காட்டுங்கள். அந்த இடத்தின் மேல் பூச்சு பூசிவிட்டுப் போக விடாதீர்கள். கண்ணாடியை எடுத்து, சட்டத்தில் துரு இருந்தால் சுரண்டி, அடிப்பூச்சு கொடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். பசை இறுகும் வரை ஓட்டாதீர்கள். எவ்வளவு நேரம் என்பது பசையின் உறையிலேயே இருக்கும்.

கேள்வி: எல்லா ஓட்டைக்கும் கடையில் கிடைக்கும் சிலிக்கான் டியூப் போதாதா?

பதில்: போதாது. குளியலறைக்கு விற்கும் டியூப்களில் பல, காயும்போது வினிகர் வாசனை விடும். அந்த அமிலம் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட்டும் பிடிக்காது, பின்னால் வருபவர் போடும் சரியான பசையும் பிடிக்காது. தகர இணைப்புக்கு யூரிதேன் சீலன்ட், கழற்றி மாட்டும் பாகத்துக்கு பியூட்டைல் நாடா. டியூபைக் குளியலறையிலேயே வையுங்கள்.

கேள்வி: மரத்தடியில் நிறுத்தும் கார். புளோயர் போட்டால் களக் களக் என்று சத்தம், கூடவே அழுகிய இலை நாற்றம்.

பதில்: பானெட்டைத் திறந்து, வைப்பர்களுக்கு அடியில் உள்ள கறுப்புச் சல்லடையைத் தூக்குங்கள். மட்கிய இலைகளால் ஒரு தோட்டமே இருக்கும். அந்தத் தொட்டியின் வடிகால் அடைத்து, நீர் மட்டம் ஏறி, புளோயரின் காற்று வாய்க்குள் புகுந்துவிட்டது. கையால் அள்ளுங்கள், பிறகு தண்ணீர் விட்டு இருபுறமும் வடிகிறதா என்று பாருங்கள். முதலிலேயே தண்ணீர் அடித்தால் குப்பை வடிகாலுக்குள் போய் இறுகும். நனைந்த கேபின் ஃபில்டரைக் காயவைத்து மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம், புதிது போடுங்கள்.

கேள்வி: ஒழுகலைச் சரிசெய்துவிட்டோம். நாற்றம் போகவில்லை. வாசனைப் புட்டி மூன்று மாட்டிவிட்டேன்.

பதில்: இப்போது மல்லிகை மணக்கும் பூஞ்சை கிடைத்திருக்கும். கார்பெட்டின் மேல்புறம் காய்ந்திருக்கும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் தடித்த ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள், ஓரத்தில் நீர் கசியும். முன் இருக்கைகளைக் கழற்றிக் கார்பெட்டை முழுதாக எடுத்தால்தான் காயும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி இணைப்பை எடுத்துச் சில நிமிடம் பொறுத்த பிறகே அதைத் தொட வேண்டும். அனுபவம் இல்லாதவர் தொடவே வேண்டாம். கார்பெட்டுக்கு அடியில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வைத்திருக்கும் கார்களும் உண்டு. இணைப்பு ஊசிகளில் பச்சைப் படிவம் இருந்தால் நாற்றத்தைவிட அதுதான் உங்கள் கவலை. ஃபோம் நிறம் மாறியிருந்தால் காயவைக்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். தண்ணீர் புகுந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் கிடக்கும் பகுதியை யாரும் துவைப்பதில்லை. வெள்ளம் பார்த்த வண்டியில் அங்கே சேற்றுக் கறை கோடாக நிற்கும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்களில் துரு, ஸ்டெப்னிக் குழியில் துரு, கூரைத் துணியின் மூலைகளில் பழுப்பு வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். காலையில் போங்கள், இரவு முழுக்க மூடிக் கிடந்த கண்ணாடி உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று தெரியும். பிறகு, வண்டியைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். கழுவும்போது நீங்கள் உள்ளே உட்கார்ந்திருங்கள். விற்பவர் அதற்குச் சாக்குச் சொன்னால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.